ஏற்றாமல் விட வேண்டிய விளக்கு

இதை எழுதப் பல ஆண்டுகள் தயங்கினேன். மூன்று முறை நோட்டில் எழுதத் தொடங்கி, மூன்று முறையும் தாளைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எழுத வராது என்பதால் தயங்கவில்லை. எழுதிவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாதே... அதனால்தான்.

சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் வயிற்றில் இருந்த குழந்தை இறந்த அன்று, அதற்குக் காரணம் நீதான் என்று என் எட்டு வயது மகளிடம் சொன்னேன். நான்... பெற்ற தகப்பன்! பிறகு அவளைக் குணப்படுத்த வந்தவரிடமும் பொய் சொன்னேன்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து எடை போடுகிறவன் நான். சஷ்டி விரதம் தவறியதில்லை. முருகா என்று சொல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. பக்தி உள்ளவன் இப்படிச் செய்வானா என்று கேட்பீர்கள். செய்தேன்.

அது ஆடி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மனைவி பூங்கொடிக்கு ஆறாம் மாதம். அவளுக்கு முடியாததால் மாலையில் விளக்கு ஏற்றும் வேலையை மகள் சிந்துவிடம் கொடுத்திருந்தோம். அன்று மதியம் பூங்கொடிக்கு வலி கண்டு, அக்கம்பக்கத்தார் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் ஃபாக்டரியிலிருந்து நேரே ஓடினேன். குழந்தை தங்கவில்லை.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. சாமி அலமாரி இருட்டாக இருந்தது. சிந்து பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா, பாப்பா வந்துருச்சா?"

"வராது. நீ வெளக்கு ஏத்தல இல்ல? அதான் சாமி எடுத்துக்கிட்டாரு."

அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்த வார்த்தை! அவள் அழவில்லை. போய்க் கை கழுவினாள். ஸ்டூலில் ஏறி விளக்கை ஏற்றினாள்.

குழந்தை போனது மூன்று மணிக்கு. விளக்கு ஏற்றும் நேரம் ஆறு மணி. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரியும்...

அதன் பிறகு அவள் ஒரு நாளும் விளக்கைத் தவற விடவில்லை. ஏற்றியதும் ஒன்பது முறை விழுந்து கும்பிடுவாள். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவாள். திரியைத் தொடுமுன் கை கழுவுவாள், தொட்ட பின் கழுவுவாள். எங்கள் ஊர்க் குளிர்த் தண்ணீரில் அந்தச் சின்னக் கைகள் வெடித்து ரத்தம் கசிந்தன. நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். காரணத்தை மட்டும் கேட்கவில்லை.

கேட்காதது மட்டுமா? பெருமைப்பட்டேன்! கோயிலில் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

"ஏனுங்க, உங்கூட்டுப் புள்ளைகிட்ட முருகன் நேரா போன் போட்டே பேசுவாராட்ட இருக்குதுங்க!" என்று ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் பள்ளி டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அவள் கணக்கு நோட்டைக் காட்டினார். ஒரே விடையை எழுதி அழித்து எழுதி அழித்து, தாள் ஓட்டையாகியிருந்தது. "புள்ள எதுக்கோ பயப்படுதுங்க. ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமை ஒரு மேடம் வராங்க, மனநல ஆலோசகர். கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பூங்கொடிதான் பிடிவாதமாக அழைத்துப் போனாள்.

"சாமி கும்பிடறது ஒரு நோயாங்க, மேடம்?" என்று உட்கார்ந்ததுமே கேட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "அப்படிச் சொல்ல மாட்டேனுங்க. நானும் கும்பிடறவதான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கும்பிட்டு எந்திரிக்கறப்போ பொண்ணு மொகம் எப்படி இருக்குமுங்க?"

நான் பின்னால் நின்று அவள் முதுகை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"பயப்படற மாதிரி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க."

பூங்கொடி பக்கத்தில் இருந்தாள். சிந்துவிடம் நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்த சிந்துவோ அந்த மேடத்திடம் எத்தனையோ பேசினாள், என்னை மட்டும் காட்டிக் கொடுக்கவே இல்லை! கிளம்பும்போது மேடம் சொன்னார்: "பெரியவங்க நாம வாய் தவறி ஏதாச்சும் சொல்லியிருந்தா, தப்பில்லீங்க, அது அப்படி இல்லேன்னு திரும்பப் போய்ச் சொல்லிரலாம். புள்ளைககிட்ட மன்னிப்புக் கேட்டா நம்ம மரியாதை ஒண்ணும் கொறையாதுங்க." என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா... இன்றும் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து மேடம் ஒரு வழி சொன்னார். ஒரு நாள் விளக்கு ஏற்றாமல் மூவரும் சேர்ந்து உட்கார வேண்டும். பயம் ஏறும், விட்டால் தானே இறங்கும். ஒன்றும் ஆகாது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாமுங்க" என்றேன்.

"செரி, புதன்கிழமை வெச்சுக்கலாமுங்க" என்றார்.

அந்தப் புதன் மாலை ஆறு மணி. சிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். அரை மணி ஆயிற்று. நடுக்கம் மெல்லக் குறைந்தது, உங்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், குறைந்தது! நடுங்கிக்கொண்டிருந்தது நான்தான். இருண்ட அலமாரியைப் பார்த்துக்கொண்டே எழுந்துவிட்டேன்.

"கடைக்குப் போயி வர்க்கி வாங்கிட்டு வாங்க, புள்ளைக்குப் பசிக்கும்" என்று இருவரையும் அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை ஏற்றினேன். மன்னிப்புக் கேட்டேன். பூவால் சுடரை அமர்த்தினேன்.

திரும்பி வந்த சிந்து வாசலிலேயே நின்றாள். அணைந்த திரியின் வாசம் வீட்டுக்குள் இருந்தது. அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, என் காதருகே வந்தாள்.

"ஏத்திட்டீங்கல்லப்பா?"

தலையாட்டினேன்.

"நல்லவேளைப்பா..." என்றாள். "அம்மாகிட்டச் சொல்லாதீங்க. மேடத்துகிட்டயும்."

அன்றுதான் அவளுக்கு உறுதியானது. அப்பாவே பயப்படுகிறார் என்றால் அப்பா சொன்னது உண்மைதானே! பிறகு மேடம் சொன்னபடி விளக்கு ஏற்றாமல் விட்ட ஒவ்வொரு நாளும் நான் அவளுக்காகத் திருட்டுத்தனமாக ஏற்றினேன். மேடத்திடம், "இப்ப நல்லா இருக்காளுங்க" என்றேன். கொஞ்ச நாளில் போவதை நிறுத்தினோம்.

சிந்துவுக்கு இப்போது பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் படிக்கிறாள். அங்கே தானாகவே ஒரு ஆலோசகரிடம் போய்வருகிறாளாம். அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போன மாதம் விடுமுறை முடிந்து அவளைப் பேருந்து ஏற்றிவிடப் போனேன். வீட்டில் வைத்துச் சொல்லாமல், பேருந்து நிலையத்தில் போய்ச் சொன்னேன். ஏன் தெரியுமா? பேருந்து வந்தால் அவள் போயாக வேண்டும் அல்லவா... அந்தக் கோழைத்தனமும் என்னுடையதுதான்.

"கண்ணு, அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. வெளக்குக்கும் பாப்பாவுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"தெரியும்ப்பா. மூணு மணிக்கே போயிருச்சுன்னு அம்மா ஒருக்கா சொன்னாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு. ஆனா கை கேக்க மாட்டீங்குது." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"கோவத்துல கண்ணு... ஏதோ வாயில வந்துருச்சு."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

கோபத்தில் அல்ல. உங்களிடம் சொல்கிறேன். அன்று காலையில் பூங்கொடி என்னிடம் சொன்னாள்: "அடிவயிறு இழுத்துப் புடிக்குதுங்க. இன்னிக்கு லீவு போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்." ஃபாக்டரியில் கொழுந்து குவிந்து கிடந்த நேரம். "சாயங்காலம் பாக்கலாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயம். வீட்டுக்குள் நுழைந்தபோது பழியைப் போட ஓர் இடம் தேவைப்பட்டது. எதிரே எட்டு வயதில் ஒரு பிள்ளை நின்றது.

பூங்கொடி அந்தக் காலையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் என்மேல் போடாத பழியை, நான் என் மகள்மேல் போட்டேன்.

மகளை அழைத்து இதைச் சொல்லலாமே என்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூட அவள் போனில் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள். வைத்துவிட்டோம்.

பிள்ளை வளர்க்கிறவர்கள் உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். இதை அவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு வரியையும் மாற்றாதீர்கள். பாவம், துக்கத்தில் பேசிவிட்டார் என்று என்மேல் இரங்கி ஒரு சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் காலையையும் குடையையும் விட்டுவிடாதீர்கள். கை மாறிக் கை மாறி இது என்றாவது என் மகளிடம் போய்ச் சேரும். அவள் கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடியாத பதில், இதில் அப்படியே இருக்கட்டும்.