அபாயம் இன்னும் நீங்கவில்லை

என் மனைவிக்கு நான் எழுதிய கடிதங்களில் ஒரு வாக்கியம் மட்டும் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தது: 'அபாயம் இன்னும் நீங்கவில்லை.' முதல் சில வாரங்கள் அது உண்மை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பொய். எண்பது வயதில் அதை ஒப்புக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கப்பல்காரர்களுக்குக் கடிதம் எழுதிப் பிழைத்தவன் நான். எந்தச் சிக்கலையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடுவேன் என்று பெயர். இதை மட்டும் எங்கே தொடங்கினாலும் பாதி வழியில் குழம்பிவிடுகிறது.

தூத்துக்குடியில் ரயில் கேட்டைத் தாண்டி மேற்கே, ஊர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில், நாலு வீடுகள் ஒரே வரிசையாகப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கடற்கரைச் சாலை அலுவலகங்களில் வேலை பார்த்த என் போன்ற குமாஸ்தாக்கள் அங்கே வாடகைக்கு வந்தோம். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் பொது. பின்கட்டில் நாலு வீட்டுக்கும் ஒரே குழாய்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் மனைவி நாசரேத்துக்காரி, ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். கல்யாணமான புதிதில் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்று சொன்னாள். "ரெண்டு பேரு சம்பாதிச்சுத்தான் திங்கணுமா?" என்று கேட்டேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு பேச்சும் அதிகம் எடுக்கவில்லை. நான் படித்துவிட்டு வைக்கும் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை படிப்பாள். சண்டை கிடையாது. எங்கள் வீடு அமைதியான வீடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் கணவருக்கு ஆறுமுகநேரியில் உப்பளக் கணக்கு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் காலையில் போய்விடுவார். பிள்ளை இல்லை. என்னை 'அண்ணாச்சி' என்பாள், என் மனைவியை அண்ணி முறை வைத்து 'மைனி' என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், யுத்தத்தின் நடுவில், ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட செய்தி வந்ததும் ஊர் காலியாகத் தொடங்கியது. அடுத்தது தூத்துக்குடிதான் என்று எல்லோருக்கும் எப்படியோ உறுதியாகத் தெரிந்திருந்தது. எங்கள் வரிசையின் பின்னால் நாலு குடும்பத்துக்குமாக ஒரு பதுங்குகுழி வெட்டினார்கள். கழுத்தளவு ஆழம். அந்த மண்ணில் நாலடி தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறும். அதனால் அடியில் பலகை போட்டார்கள். பலகைக்கு மேலும் தண்ணீர் வந்தது.

மூன்று மாதக் கைக்குழந்தையோடு மனைவியை நாசரேத்தில் அவள் அக்காள் வீட்டுக்கு அனுப்பினேன். அந்த அக்காளும் மிஷன் பள்ளி ஆசிரியை. மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளோடு சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் போகவில்லை. ஆறுமுகநேரிக்குப் போனால் மாமியாரோடு இருக்க வேண்டும்.

"மாமியாளுக்கு ஜப்பான்காரன் தேவல அண்ணாச்சி. அவன் ஒரு தடவதான் குண்டு போடுவான்" என்றாள்.

வாரத்தில் இரண்டு நாள் மதியம் ஒரு மணிக்குச் சங்கு ஊதி, குண்டு விழுந்தால் பதுங்குவதற்கு ஒத்திகை நடக்கும். அந்த நேரத்தில் நான் சாப்பிட சைக்கிளில் வீட்டுக்கு வந்திருப்பேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எங்கள் பகுதிக்கு வார்டன். கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் கத்திக்கொண்டே வருவார்.

"எறங்கும்வே குழிக்குள்ள! கர்த்தர் பாத்துக்கிடுவாருன்னு நிக்கீரோ? அவருக்கு ஆயிரம் சோலி!"

மற்ற வீட்டு ஆண்கள் மதியம் வீட்டுக்கு வருவதில்லை. ஆக குழிக்குள் நானும் அவளும்தான். கணுக்கால்வரை உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் ஒரு துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது சங்கு ஊதும்வரை இருபது நிமிடம். முதல் நாள் இருவரும் பேசவில்லை. இரண்டாவது நாள் அவள் தண்ணீரைக் காட்டி, "ஜப்பான்காரன் கப்பலே உள்ள வந்துரும் போலிருக்கு" என்றாள். நான் சிரித்தேன். என் வீட்டில் நான் கடைசியாக எப்போது சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

நாலைந்து ஒத்திகை கழிந்து ஒரு நாள், "மைனி எப்ப வாரா?" என்று கேட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அவளுக்கு வர மனசில்ல. அக்கா வீட்டுலயே இருந்துக்கிடுதேங்கா" என்றேன். என் மனைவி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்ப ஒங்களுக்கும் யாருமில்ல" என்றாள். அன்றோடு 'அண்ணாச்சி' நின்றது. தவறு அந்தக் குழியில் தொடங்கியது. பிறகு மதிய வேளைகளில் அவள் வீட்டுப் பின்கதவுக்கு இடம் மாறியது. இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை. குறைத்துச் சொல்லவும் விருப்பமில்லை. அது ஐந்து மாதம் நடந்தது.

ஜூன் தொடக்கத்தில் ஊரார் திரும்பிவிட்டார்கள். கடைகள் திறந்தன. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் குழியில் காகிதக் கப்பல் விட்டன. நான் வாரம் தவறாமல் நாசரேத்துக்கு எழுதினேன்: 'அபாயம் இன்னும் நீங்கவில்லை. நான் சொல்லும்வரை புறப்பட வேண்டாம்.' துறைமுகத்தில் லீவு கிடைப்பது அரிது என்பதும் பாதி உண்மை. இரண்டே தடவை, ஞாயிற்றுக்கிழமையில், போய் அன்றைக்கே திரும்பினேன். ஒரு தடவை நான் நுழைந்ததும் அவள் அக்காள் மேசைமேல் கிடந்த நோட்டுகளை அவசரமாக அள்ளி உள்ளே கொண்டுபோனாள். அதை நான் கவனித்தேன். ஆனால் எதுவும் யோசிக்கவில்லை. மறைக்க எனக்கே நிறைய இருந்தது. குழந்தை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நவம்பர் மழையில் ஒரு சனிக்கிழமை காலை. நான் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. இடுப்பில் குழந்தையோடு மனைவி இறங்கினாள். கடிதம் இல்லை, தகவல் இல்லை. பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸின் புகை அவள் சேலையில் அப்பியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டுக் குழாயடியில் நின்ற பெண்கள் எல்லோரும் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். குழந்தையை அவள்தான் முதலில் வாங்கினாள்.

"மைனி, வந்துட்டியளா? வரவே மாட்டியன்னுலா நெனச்சேன்."

"யாரு சொன்னா? இவுக கடுதாசிக்குத்தான் காத்துக்கெடந்தேன். அபாயம் நீங்கலன்னு போன வாரங்கூட எழுதியிருக்காவ."

மூன்றாவது வீட்டுப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "அபாயமா? ஏளா, நாங்க வந்து அஞ்சு மாசமாச்சே! எங்க வீட்டுல அபாயமெல்லாம் இதுக நாலுந்தான்" என்று தன் பிள்ளைகளைக் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கவில்லை. குழந்தையைத் தாயிடம் கொடுக்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். குழந்தை வீறிட்டது.

இரண்டு நாள் கழித்து, பின்கட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்: "அவுகளுக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை. ஒங்களுக்குள்ள மூணாவதா ஒண்ணு வச்சிருப்பிய. அதாவது நெசமா?" பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆறுமுகநேரிக்கு, அந்த மாமியாரிடமே, போனாள். அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

என் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வந்த மறுநாள் குழியின் ஓரத்தில் போய் நின்றாள். தவளை கத்திக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ளயா இருந்திய?"

"ஆமா."

"மூடிருங்க. பிள்ள நடக்கப் போறா."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நானே மண் வெட்டிப் போட்டு மூடினேன். அவள் தெரிந்துகொண்டு சொன்னாளா, குழந்தையை நினைத்து மட்டும் சொன்னாளா என்று மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே யோசித்தேன். ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்ற எண்ணமும், தெரியாதவளிடம் போய் எதற்குச் சொல்வது என்ற எண்ணமும் மாறி மாறி வந்தன. அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

பிறகு ஒரு கோழைத்தனமான வழி கண்டுபிடித்தேன். ஊரில் ஒரு படம் ஓடிற்று. நல்ல மனைவி இருக்க வேறொருத்தி வீட்டுக்குப் போய் எல்லாம் இழந்து திரும்பும் கணவனின் கதை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கடைசியில் அவன் காலில் விழுகிறான், அவள் தூக்கி நிறுத்துகிறாள், கொட்டகையே அழுகிறது என்றார்கள். எங்கள் சபையில் சினிமா பார்ப்பதே பாவம். அவள் அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு அழைத்துப் போனேன். படம் என் சார்பில் பாதி பேசிவிடும், மீதியை வழியில் நான் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி. நடுவில் இடுப்புயரச் சுவரும் அதற்கு மேல் ஒரு திரையும். கணவன் காலில் விழுந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் அலையாக வந்தது. அதில் அவள் சத்தம் இருந்ததா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். தெரியவில்லை.

வெளியே வந்து ரயில் கேட்டுவரை நடந்தோம். கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டிக்காக நின்றோம்.

"எம்புட்டு லேசா முடிச்சுட்டான்!" என்றாள்.

"எதை?"

"கால்ல விழுந்தான், சரியாப் போச்சு. அந்த இன்னொருத்தி என்ன ஆனா? அவ எங்க போனான்னு கடைசிவரைக்கும் ஒரு வார்த்த சொல்லலியே."

அவள் முகத்தைப் பார்த்தேன். கதை புரியாத ஒருவர் கேட்பதுபோல்தான் கேட்டாள். சரக்கு வண்டி போய் முடிய வெகுநேரம் ஆயிற்று. கேட் திறந்தது. நான் சொல்லவில்லை.

இன்னும் நாலு வருடம் சொல்லவில்லை. நாற்பத்தெட்டில் நாசரேத்தில் கோயில் அசனம் வந்தது. சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. மகளுக்கு ஆறு வயது நடந்தது. குழம்பு வாளியோடு வந்த ஒரு பெண் என் மனைவியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க பயலுக்கு மூணாங்கிளாஸ் டீச்சர்லா! யம்மா, சண்ட நேரத்துல ஒங்ககிட்ட அஞ்சு மாசம் படிச்சான், அந்தப் படிப்புதான் இன்னைக்கும் அவனுக்கு நிக்கி."

நான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினேன். மேசைமேல் கிடந்த நோட்டுகள் நினைவுக்கு வந்தன. என் மனைவி, "கொழம்ப ஊத்துங்க, சோறு காயுது" என்றாள்.

பஸ்ஸுக்காகப் பூவரச மரத்தடியில் நின்றபோது கேட்டேன். மகள் கொஞ்சம் தள்ளிப் பூவரசங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான வேலைக்குப் போகக் கூடாதுன்னிய."

"ஊரெல்லாம் திரும்பிட்டது ஒனக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியாம என்ன? இங்க வந்திருந்த தூத்துக்குடிக்காரங்க ஜூன் மாசமே மூட்டையைக் கட்டிட்டாங்க. எல்லாரும் வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க."

"பெறகு?"

"வெள்ளிக்கிழமதோறும் ஒங்க கடுதாசி வரும். பிரிக்கப் பயமா இருக்கும். வான்னு எழுதியிருப்பியளோன்னு."

"அப்ப ஏன் வந்த?"

"பேறுகாலத்துக்குப் போன டீச்சர் திரும்பி வந்துட்டா."

ஆறு வருடமாக நெஞ்சில் கட்டிவைத்திருந்ததை அந்த மரத்தடியில் சொன்னேன். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. குழி, பின்கதவு, ஐந்து மாதம், கடிதங்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் குறுக்கே ஒன்று கேட்டாள்.

"அவகிட்ட என்னப்பத்தி என்ன சொன்னிய?"

"ஒனக்கு வர மனசில்லன்னு சொன்னேன்."

அவள் மகள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். "அத ஒண்ணத்தான் நெசமாச் சொல்லியிருக்கிய. அதுவும் தெரியாம" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. பெண்களுக்கு முன்பக்கம் இடம். அவளும் மகளும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன். ஆத்தூர் பாலம் தாண்டும்போது அவள் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனாள். தோள்கள் குலுங்கின. பாதையும் மோசமான பாதைதான், எல்லோரும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தோம். மகள் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் செய்தது பாவம். அதில் எனக்குக் குழப்பமில்லை. பக்கத்து வீட்டுக்காரியை ஏமாற்றச் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. மனைவியை ஏமாற்ற எழுதிய பொய்யை அவள் வாரம்தோறும் வேண்டிக் காத்திருந்தாள். அப்படியானால் நான் யாரிடம், எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்காமலே இருந்துவிட்டேன். அடுத்த ஜூனில் அவள் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இறக்கும்வரை என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மகளிடம் கேட்டிருக்கலாம், அம்மா அழுதாளா சிரித்தாளா என்று. மகளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சாயங்காலம் வந்து எனக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். இன்று கேட்டால், எந்த பஸ்ஸில் என்று கேட்பாள். அதைச் சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.