வெல்டாவைத் தொடாத கொடி

எங்கள் மேற்கு வர்ஜீனியா மலையில் வெல்டாவின் கைகளைத் தெரியாதவர் கிடையாது. தொட்டாலே அரித்துக் கொப்புளிக்கும் விஷக்கொடி அவளை ஒன்றும் செய்யாது. மே மாதக் கடைசியில் எல்லோரும் கூடிக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது, வேலியில் படர்ந்த கொடியை வெறுங்கையால் பிடுங்கி எறிவாள். பிறகு சாப்பாட்டு மேசையில் முதல் தட்டு அவளுக்குத்தான். என் வீட்டுக்காரர் ஹோமர் வேறு, "கையா அது, இரும்பு!" என்று வாயைப் பிளப்பார்.

எனக்கு வயிறு எரியும். அந்தக் கொடியில் புரண்ட நாய் வந்து உரசினாலே எனக்குக் கை காலெல்லாம் கொப்புளம். அரிப்புக்குக் காலமைன் மருந்து பூசிக்கொண்டு உட்கார்ந்தால் ஹோமர், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்பார். பாவம் என்று ஒரு வார்த்தை, அதற்குத்தான் ஏங்கினேன். யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷம் கொடி வெல்டாவையும் பிடித்துக்கொண்டது. இத்தனை காலம் தாங்கிய உடம்பு திடீரென்று தாங்காமல் போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே பார்க்கப் போனேன். இரண்டு கையும் வீங்கி நீர் வடிந்தது. மேசையிலோ கோழி சூப், மக்காச்சோள ரொட்டி, விதவிதமாய்க் கேக். ஊரே கொண்டுவந்து கொட்டியிருந்தது. நடுவில் என் காலமைன் பாட்டில்! ஹோமர் கொடுத்துவிட்டுப் போனாராம். பாவி மனுஷன்!

"கிட்ட வராத ஆர்லீன், உனக்கும் ஒட்டிக்கும்" என்றாள் வெல்டா.

"கொப்புளத் தண்ணி ஒட்டாதுடி. செடியோட எண்ணெய்தான் ஒட்டும். அன்னைக்குப் போட்ட சட்டையைத் துவைச்சியா?"

"எதுக்கு? கதவுல தொங்குது. தினமும் தோட்டத்துக்கு அதைத்தானே போட்டுக்கறேன்."

"கெட்டது போ!"

கையுறை மாட்டிக்கொண்டு சட்டையைச் சோப்பில் அலசினேன். அவள் நகத்தை ஒட்ட வெட்டி, கைகளில் குளிர்ந்த ஈரத்துணி சுற்றினேன். முகம் வீங்கினால் உடனே டாக்டரிடம் ஓடச் சொன்னேன்.

வெல்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருஷா வருஷம் இதையா தாங்கிக்கிட்டிருந்த? நான் வேற உன்னைப் பார்த்துச் சிரிச்சேனே. பாவம்டி நீ."

கண் நிறைந்துவிட்டது. கடைசியில் அதைச் சொல்ல இவள்தானா கிடைத்தாள்! கிளம்பும்போது இருந்ததிலேயே பெரிய கேக்கைக் கேட்காமலே தூக்கிக்கொண்டேன்.

வீட்டில் ஹோமருக்கு முகம் மலர்ந்தது. "யாருக்கு இது?"

"இருபது வருஷமா சொறிஞ்சவளுக்கு" என்று சொல்லி, ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்தேன்.