சுக்கானைக் கழற்றியவர்

எல்லப்பண்ணன் இறந்துவிட்ட செய்தியை, எங்கள் கப்பலுக்குச் சரக்குப் பிடித்துத் தரும் தரகரின் ஆள்தான் துறைக்கு வந்து சொன்னான். “ஜுரத்துல பூட்டாரு” என்றான். கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னான். கிடங்கில் அடைத்துவைத்து அடித்தால் வருவதற்கும் ஜுரம் என்றுதான் பெயரா?

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழவேற்காட்டிலிருந்து மலாக்காவுக்குத் துணியும் அரிசியும் ஏற்றிப்போன பாய்மரக் கப்பலை நடத்திய தண்டேல் அவர். நான் அதில் சமையல்காரன். முதல் பயணத்தில் வாந்தி எடுத்தபடியே குழம்பு வைத்தேன். “இன்னாடா, கடல்ல கீற உப்பு பத்தலன்னு இதுலயும் கொட்டிக்கிறியா?” என்றவர், தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தார். மலாக்காத் துறையில் சீனக் கப்பல்களின் அருகே எங்கள் கப்பல் பொம்மை மாதிரி நிற்கும். “அவன் கப்பல் பெர்சுதான். நம்ம ஆளுங்க பசியில்லாம வந்து சேந்தானுங்களா, அத்த பாரு” என்பார்.

பஞ்சம் வந்தது. தரகர் என் அடுப்படிக்குப் பெரிய அண்டா ஒன்றை அனுப்பி, “சரக்குக்குக் கஞ்சி வேணும்” என்றார். துணிக்குக் கஞ்சி போடச் சொல்கிறார் என்றே நினைத்தேன். கரையில் கயிறு கட்டி உட்காரவைத்திருந்தவர்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நெல் கருகி, ஒரு வேளைச் சோற்றை நம்பி வந்த குடும்பங்கள். அக்கரையில் விற்பதற்காம்!

அண்ணனிடம் ஓடினேன். அவர் நேராகத் தரகரிடம் போனார்.

“சரக்கு கஞ்சி குடிக்குமாய்யா? குடிச்சா அது ஆளு. ஆள ஏத்தினு போய் நான் விக்க மாட்டேன்.”

“நீ இல்லன்னா வேற தண்டேல்” என்று தரகர் சிரித்தார்.

அன்று மாலையே அண்ணனும் நானும் கப்பலின் சுக்கானைக் கழற்றி, முகத்துவாரத்துக்கு வெளியே கல்லைக் கட்டி ஆழத்தில் விட்டோம். சுக்கான் இல்லாமல் கப்பலைத் திருப்ப முடியாது. வேறு சுக்கான் செய்வதற்குள் அக்கரைக்குப் போகும் பருவக்காற்று மாறிவிடும். தரகரின் ஆட்கள் அதைத் தேடி அலைந்தபோது, கரையில் இருந்தவர்களின் கயிற்றை அறுத்துத் தோணிகளில் ஏரிக்கு அந்தப்புறம் அனுப்பினோம்.

அண்ணனைப் பிடித்துத் தரகரின் கிடங்கில் அடைத்து, சுக்கான் எங்கே, கூட இருந்தது யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. துறையை ஆளும் ஒல்லாந்தரின் கோட்டை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்தும் யாரும் வரவில்லை, நம் ஊரிலிருந்தும் யாரும் போகவில்லை.

இப்போது மட்டும் வாய் ஓயாமல் புகழ்கிறார்கள். காற்றின் போக்கு அறிந்தவராம், நல்ல மனிதராம். எதற்காகச் செத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தரகர் பட்டுத்துணியோடு வந்தார். அண்ணி அதை அவர் காலடியிலேயே வீசினார்.

“எட்த்துனு போ. எங்க ஆளு கட்டினு கீற வேட்டியே போதும்.”

புதைத்துவிட்டுத் திரும்பும்போது துறையில் உளிச்சத்தம் கேட்டது. புதுச் சுக்கான் செய்கிறார்கள். செதுக்குபவர் நம் ஊர்த் தச்சர். பாடை சுமந்த நால்வரில் மூவர் அந்தக் கப்பலுக்கே வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணே. கரையில் மறுபடியும் ஆட்களை உட்காரவைத்திருக்கிறார்கள். அடுப்படிக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் அங்கேதான் போகிறேன்.