அல் கூஸுக்கு எந்த பஸ் நல்லது

காலையில் ஷார்ஜா ரோலா பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். துபாய் அல் கூஸுக்குப் போக இரண்டு வழி. ஒரு பஸ் மெட்ரோ ஸ்டேஷனில் விடும், அங்கிருந்து ரயில். இன்னொரு பஸ் நேராகவே போகும். எது நல்லது என்று செக்யூரிட்டி உடுப்பில் நிற்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரைக் கேட்கிறேன்.

"இதுலயே ஏறுங்கண்ணே," என்று நேர் பஸ்ஸைக் காட்டுகிறார். நம்பி ஏறுகிறேன். அவரும் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்கிறார்.

ஹைவேயில் பஸ் அசையவே இல்லை. சுற்றிலும் கார்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பஸ்ஸிலோ என்னைத் தவிர எல்லோரும் தூக்கம். பக்கத்தில் இருக்கும் அவரைத் தட்டி எழுப்புகிறேன்.

"இதுவா நல்ல பஸ்ஸு? மெட்ரோவுல இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன்!"

"மெட்ரோவுல நின்னுக்கிட்டே போகணும்ணே. நைட் டூட்டி முடிச்சிட்டு வர்றேன், அல் கூஸ்ல அடுத்த டூட்டி. நடுவுல இந்த சீட்டுலதான் தூக்கம். வேகமா போறது வேணும்னா அப்பவே சொல்லியிருக்கணும்ல!"

கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் வண்டிகள் நகர்கின்றன. பஸ் வேகம் எடுக்கிறது. அவர் ஒரு கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்க்கிறார்.

"சே, அதுக்குள்ள ஜாம் விட்டுருச்சே," என்கிறார்.