இரும்பில் ஒட்டாத பூச்சு

இறைவனிடம் நான் கேட்ட துஆ பலிக்காத விஷயத்தை எப்படி எழுதுவது என்று நாலைந்து வருடம் தயங்கினேன்.

கப்பலூரில் இரும்புத் தொட்டிகளுக்கு எபாக்சி பூச்சு அடிப்பது என் தொழில். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வருவார். நரைத்த தாடி, சட்டைப் பையில் சிரிஞ்சு. நீர் ஒட்டாமல், இரும்பு துருப்பிடிக்காமலிருக்க என் எபாக்சி ரெசினில் ஃப்ளோரின் திரவம் ஒன்றைக் கலப்பார். பூச்சு காய்ந்ததும் ஒரு சொட்டு நீர் விட்டு, கன்னத்தை மேசையில் வைத்துப் பார்ப்பார். சொட்டு உருண்டோடினால் சிரிப்பார்.

அன்று சோதனைக்குப் பூசிய கடைசி இரும்புத் தகடு. இதுவும் தோற்றால் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மதிய லுஹர் தொழுகையில் அவருக்காகக் கேட்டுவிட்டு வந்தேன். பூச்சு முழுதாக உரிந்து அவர் கையில் இருந்தது.

"தண்ணியும் ஒட்டல, இரும்புலயும் ஒட்டல பாய்."

"இன்னும் கம்மியாக் கலந்து பாருங்க சார்."

"அம்புட்டும் பாத்தாச்சு பாய்."

என் பிரஷைக் கழுவித் தந்துவிட்டுப் போனார். இதைப் பிறருக்குச் சொல்பவர்களே, இரக்கப்பட்டு அவரை ஜெயிக்க வைத்துவிடாதீர்கள்.