புகை வராத கரி

என் மூக்கை நம்பி ஒரு குடும்பமே காத்திருந்த காலம் ஒன்று உண்டு. சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. வருடத்தில் பாதி நாள் சளி பிடித்துக் கிடக்கிற மூக்கு இது. ஆனால் நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பதவியே கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர் சித்தப்பா.

தை பிறந்ததும் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, சித்தி தாமலிலிருந்து வந்தாள். ஏரிக்கரை ஊர். சித்தி பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் ஏரி வந்துவிடும். விரால் பிடித்தது, அங்கேயே சுட்டது, கரையில் உட்கார்ந்து முள் எடுத்தது என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு எச்சில் ஊறும். விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடிக்கவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். “பொம்பளப் புள்ள விசிலடிச்சா வூடு உருப்பட்டாப்பலதான்” என்று அம்மா திட்டுவாள். திட்டிவிட்டு, “எங்க, இன்னொரு வாட்டி அடி” என்பாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தறியில் கூறைப்புடவை ஏறியிருக்கும்வரை வீட்டுக்குள் கவிச்சி வரக் கூடாது. கல்யாணச் சேலை என்கிற மரியாதை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பட்டு எல்லா வாசனையையும் குடித்துக்கொள்ளும். மணமேடையில் பெண் உட்கார்ந்திருக்கும்போது முந்தானையிலிருந்து மீன் வறுவல் வாசனை வந்தால் நெய்தவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அப்பா கேட்பார். அக்கம்பக்கத்து வீடுகளில் இந்தச் சட்டம் அவசரத்துக்குக் கொஞ்சம் வளையும். அப்பா வளையமாட்டார். அந்த வருடம் பார்த்து, தறியில் ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறியது, எல்லாமே கூறைப்புடவை. சித்தி வந்த நாளிலிருந்து மீனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுத் துண்டு ஒன்றைக் காஸ் அடுப்பில் காட்டிவிட்டாள். வாசனை கூடத்துக்கு வந்த வேகத்திலேயே அப்பா தறியைவிட்டு எழுந்தார். கருவாடு தெருவுக்குப் போனது. “ஏரிக்கரப் பழக்கத்த ஏரிக்கரையோட வெச்சிக்கணும்” என்ற சொல்லும் அதோடு சேர்ந்து போனது. சித்தி சாயங்காலப் பேருந்தில் தாமலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கூப்பிட்ட சித்தப்பாவிடம், “கருவாட்டத் தூக்கிப் போட்ட வூட்ல நான் மட்டும் இன்னாத்துக்கு?” என்று கேட்டாளாம். இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது, சித்தி ஏரி பார்க்கப் போயிருக்கிறாள் என்று.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒருவர், ஓரத்துக் கரைக்கு ஒருவர். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து நெய்வார்கள். கருவாடு தெருவுக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இழையைக் குறுக்கே ஓட்டுகிற நாடா மட்டும் கை மாறும். “பாப்பா, உங்கப்பாவ மிதிக்கச் சொல்லு” என்பார் சித்தப்பா, மூச்சு படுகிற தூரத்தில் இருக்கிற அண்ணனைப் பற்றி. “பாப்பா, அவன் கையில இன்னா தூக்கமான்னு கேளு” என்பார் அப்பா. நான் நடுவில் நின்று இரண்டையும் ஒப்பிப்பேன். எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “இன்னாடி, உங்கூட்டுத் தறியில நீயும் ஒரு நாடாவா?” என்றாள்.

சித்தப்பாவுக்கு ஃபோனில் வீடியோ பார்க்கிற பழக்கம். அதில் வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் கறி சுடுவார்கள். அதற்குப் பெயர் பார்பிக்யூ என்று எனக்கு விளக்கினார். ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து, துணி துவைக்கிற மெஷினின் உள்ளே சுற்றுமே அந்த டிரம்மைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். சுற்றிலும் பொடிப் பொடியாக ஓட்டை. காற்று தாராளமாக உள்ளே போகும். அதைச் செங்கல் மேல் நிறுத்தினார்.

“இன்னா தம்பி, மீனத் தொவச்சி சுடப் போறியா?” என்று அம்மா கேட்டாள்.

“மாடியில சுட்டா கீழ வாசன வராது அண்ணி. அத மட்டும் காட்டிட்டா அண்ணனால ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல.”

அப்பா காதில் விழாமல் இருக்குமா? “பாப்பா, அவன்கிட்ட சொல்லு. தறிகிட்ட ஒரு பொட்டு வாசன வந்தாலும் அந்த டிரம்மு வந்த கடைக்கே போயிடும்.” நான் போய் ஒப்பித்தேன். சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லையே! “இது மட்டும் சரியா வந்துடுச்சின்னா தாமலுக்குப் போயி உங்க சித்தியக் கூட்டிக்கினு வந்துடுவேன். அவளுக்கும் வூட்ல ஒரு எடம் இருக்குதுன்னு காட்டணும்ல. வெறும் வாயில எப்படிக் கூப்புடறது?”

அப்போதுதான் எனக்குப் பதவி கிடைத்தது. வாசனை அதிகாரி. சித்தப்பா மேலே கரி பற்றவைப்பார். நான் கீழே தறிப் பலகையில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஏதாவது வந்தால் விசில்.

முதலில் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் வாங்கிய கரி. அப்பா வெளியே போன நேரம் பார்த்துப் பற்றவைத்தோம். சித்தப்பா விசிறுவதற்குள் படி வழியாகப் புகை இறங்கி வந்தது. விசில். அடுத்தது, பெரிய கடையில் பையில் போட்டு விற்கிற, அச்சில் வார்த்த கரி உருண்டை. தீக்குச்சியைக் காட்டியதும் பற்றிக்கொண்டது. கூடவே மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. இரண்டு விசில்.

கடைசியில் என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு கரிக்கடைக்கே போனார். அந்தக் கடை அக்காவுக்குப் பல்லைத் தவிர எல்லாம் கறுப்பு. புகை வராத கரி வேண்டும் என்று சித்தப்பா கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். “அழுவாத கொழந்தயக் கேக்கறாப்பல கேக்கறியேப்பா!”

சிரித்து முடித்துவிட்டு இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். ணங் என்றது. வேறு இரண்டைத் தட்டினாள். மொத்தென்றது. அதை உடைத்துக் காட்டினாள். நடுவில் பழுப்பாக மரம் மிச்சமிருந்தது. “வேகாத கரி. இதான் பொகயறது. வெந்தது வெங்கலமாட்டம் பேசும். தேங்கா ஓட்டுக் கரி எடுத்துக்கோ, சூடு ஜாஸ்தி, பொக கம்மி. வேலிகாத்தான் கரின்னா நின்னு எரியும், ஆனா பொறி பறக்கும். எதுவானாலும் மேல வெள்ள பூக்கற வரைக்கும் மீன வெக்காத. அவசரப்பட்டின்னா அதுவும் அழுவும், நீயும் அழுவ.”

சித்தப்பாவும் நானும் கடைவாசலில் குந்திக்கொண்டு வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலங் கரியை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டோம். “தேங்கா ஓடு ஒடம்புக்கு, வேலிகாத்தான் கரைக்கு. நம்ம சேல மாதிரியே” என்றார் சித்தப்பா. வீட்டுக்கு வந்து எண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, கரியை அதில் நிரப்பி, கீழே காகிதத்தைக் கொளுத்தினார். திறந்த மாடியில் கொஞ்சம் புகைந்து, பிறகு அடங்கி, எல்லாம் வெள்ளை பூத்ததும் டிரம்மில் கொட்டினார். நான் கீழே மூக்கு வலிக்கிற அளவுக்கு இழுத்தேன். ஒன்றுமில்லை. விசில் இல்லை. சித்தப்பா மேலே ஆடிய ஆட்டம் கூரையில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எதிரிலேயே பரீட்சை. சித்தப்பா இடத்தில் அம்மா உட்கார்ந்து அப்பாவோடு நெய்தாள். நான் பக்கத்தில். மேலே கரி பற்றியது, வாசனை இல்லை. அப்பா நாடாவை எறிவார், மோந்து பார்ப்பார், எறிவார், மோந்து பார்ப்பார். மீனை வைக்கிற நேரம் வந்தது.

மீனுக்கு அடியில் வைக்க ஒரு கம்பி வலை வேண்டுமே! வீடியோவில் பளபளவென்று ஒன்று வைத்திருப்பார்கள். சித்தப்பா பரணில் தேடி ஒரு பழைய பண்ணையை எடுத்துப் போயிருந்தார். பண்ணை என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகளைச் சீப்பு மாதிரிப் பிரித்து நிறுத்துகிற சட்டம். முடிக்கற்றை போல நெருக்கமான மெல்லிய கம்பிகள். நெசவாளி வீட்டுக்கு வெளியே வேறு எவனுக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது. அந்தக் கம்பிகளை மேலும் கீழும் நூல் சுற்றித் தாரில் தோய்த்து இறுக்கியிருப்பார்கள். தறியில் அந்தப் பகுதி கட்டைக்குள் மறைந்திருக்கும் என்பதால் யாருக்கும் அது நினைவில் இருக்காது. சித்தப்பாவுக்கும் இல்லை.

மூக்கில் நெடி ஏறியதும் விரலை மடித்து வாயில் வைத்தேன். காற்றுதான் வந்தது. சித்தி முகம் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் பதவி பதவிதானே. “அப்பா, ரோடு போடற வாசன வருது!” என்று கத்திவிட்டேன்.

அம்மா கட்டிலில் இருந்த போர்வையை உருவித் தறி மேல் போட்டாள். அப்பா படிகளைத் தாவி ஏறினார். பின்னாலேயே நான். மாடியில் கறுப்புப் புகை; அதற்குள்ளிருந்து இருமல்; இருமலுக்குப் பின்னால் சித்தப்பா. விரால் பண்ணையோடு ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் பொடிப் பொடிக் கோடாகக் கிடந்தது.

“டேய், இது என் பண்ணடா.”

“ஆமாண்ணா.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னை நடுவில் வைக்காமல் பேசிய பேச்சு அதுதான். அப்பா ஒரு குச்சியால் பண்ணையைத் தள்ளிவிட்டார். புகை நின்றது. டிரம்மில் கரி மட்டும் சத்தமில்லாமல் வெள்ளைக்குக் கீழே சிவப்பாக இருந்தது. அப்பா அதன் மேல் உள்ளங்கையைக் காட்டினார். குனிந்தார். ரொம்ப நேரம் மோந்து பார்த்தார்.

“கரி மேல தப்பில்ல. நல்ல கரி.” பிறகு மீனைப் பார்த்தார். “மீனுக்குப் பாவு ஓட்டி வெச்சிருக்கியேடா!” என்று சொல்லிவிட்டு, அப்பா சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சித்தப்பா இருமினார்.

அம்மா சேலையை அங்குலம் அங்குலமாக மோந்து பார்த்து, பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். அன்று சாயங்காலமே நான் ஃபோனில் சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். பிறகு திடீரென்று, “உங்கப்பா சிரிச்சாரா? நெசமாவா பாப்பா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அந்த வாரம் சேலையை அறுத்து இறக்கினார்கள். அதோடு பழைய பாவும் முடிந்தது. வழக்கமாக அன்றைக்கே பாவு பிணைக்கிறவர் வந்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய நுனியோடு முறுக்கிச் சேர்த்துவிடுவார். தறி ஒரு நாள் சும்மா கிடந்தாலும் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அடுத்த கல்யாணப் பாவு சுற்றித் தயாராக இருந்தது. ஆனால் பிணைக்கிறவர் வரவில்லை. நான் கேட்டதற்கு, “அவருக்கு ஒடம்பு சரியில்லம்மா, திங்கக்கெழம வருவாரு” என்றார் அப்பா. மறுநாளே அவரை டீக்கடையில் பார்த்தேன். ஒரு கையில் பஜ்ஜி, ஒரு கையில் டீ. பாவம், சீக்கிரம் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை அப்பா கனமான இரும்புக் கம்பி வலை ஒன்றை வாங்கி வந்து படியில் சாய்த்துவைத்தார். “இதுல தார் கெடயாது” என்று சித்தப்பாவிடம் சொன்னார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவின் சைக்கிளில் சித்தி வந்து இறங்கினாள். மடியில் வைத்திருந்த தூக்குச்சட்டியில் ஏரி மீன். உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றாள். தூக்கைப் பின்னால் மறைத்துக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தாள். தறியில் பாவு இல்லை, பட்டு இல்லை, வெறும் கட்டைகள். பக்கத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா” என்றார், தலையைத் தூக்காமல். “கரி மாடியில இருக்குது.”

சித்தி அப்பாவைப் பார்த்தாள். காலித் தறியைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே படி ஏறினாள்.

புகை அதற்குள் கீழே வந்து அவள் கண்ணைக் கரித்துவிட்டதோ என்று நான் அவசரமாக மூக்கைத் தூக்கினேன். ஒரு வாசனையும் இல்லை. மாடியில் இன்னும் யாரும் தீக்குச்சிகூடக் கிழித்திருக்கவில்லை. விசில் அடிப்பதா வேண்டாமா என்று புரியாமல், மடித்த விரலை வாயில் வைத்தபடி நின்றேன்.