பந்தயத்துக்கு முதுகு காட்டி நின்றவன்

என் நண்பனுக்கு ஆரியசாலையில் அரிசி மொத்தக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையாள ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பம். நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். என் வீடு ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் என்பதால் அன்றிலிருந்து இன்றுவரை என்னைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. யாராவது ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவான். ஊசி போடுகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வான், ஊசி வேறு யாருக்காக இருந்தாலும்.

அவன் மனைவி ஜீப் பந்தயத்தில் ஓட்டுபவள்.

அவள் நாகர்கோவில்காரி. கல்யாணமான பிறகுதான் வண்டி ஓட்டப் படித்தாள். ஒரு மழைக்காலத்தில் கடையின் லோடு வண்டி டிரைவர் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட, அவளே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடையைச் சுற்றியுள்ள சாலை பஜார் சந்துகளில் அவள் மூட்டையோடு ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்க முதலில் ஆள் கூடியது, பிறகு பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டோடைகளிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டும் ஒரு கூட்டத்தோடு எப்படிச் சேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியாது. பழைய ஜீப் ஒன்று வாங்கினாள். அவன் தடுக்கவில்லை. அதைப் பற்றி எதுவும் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போவதைப் புதிதாகப் பழக்கப்படுத்திக்கொண்டான்.

போன மழைக்குப் பின், கல்லாறு போகும் வழியில் ரப்பர் மரங்களை வெட்டி அகற்றிய ஒரு சரிவில் பெரிய சேற்றுப் பந்தயம் ஏற்பாடானது. பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. இந்தத் தடவை அவள் அவனை வரச் சொன்னாள். தனியாகப் போகத் தைரியமில்லாமல் அவன் என்னையும், எங்களோடு படித்த இன்னொருவனையும் கூப்பிட்டான். அந்த இன்னொருவன் மலையாளி, அரசாங்க என்ஜினீயர். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் வந்தவன். அவனுடைய காரில் மூன்று பேரும் போனோம். வழி நெடுக என் நண்பன் பிரேக்கை மிதித்தான்.

அவ்வளவு ஜனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வெட்டாமல் விட்ட மரங்களின் மேல்கூட ஆட்கள் இருந்தார்கள். சரிவில் ஜே.சி.பி. வைத்துப் பாதை கீறியிருந்தார்கள்: சிவப்பு மண்ணில் வளைவுகள், நடுவில் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் நிரப்பிய ஒரு குழி, கடைசியில் செங்குத்தாக ஒரு ஏற்றம். ஒலிபெருக்கியில் ஒருவன் மலையாளத்தில் இடைவிடாமல் முழங்கிக்கொண்டிருந்தான். என்ன நடக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னான். ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக வந்தது. குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயித்தவர். ஆண்களின் பிரிவு முடியும் வரை என் நண்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் பார்த்தான். வேர்க்கடலைகூட வாங்கிக் கொடுத்தான்.

அவள் ஜீப் வரிசைக்கு வந்ததும் திரும்பிக்கொண்டான். பாதைக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருந்த ரப்பர் மரங்களைப் பார்த்து நின்றான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை வினோதமாகப் பார்த்தார்கள்.

“சாமி, நீ பாத்துச் சொல்லுடே. உள்ளத உள்ளபடி சொல்லு. கூட்டாண்டாம், குறைக்காண்டாம்.”

எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னேன். கொடி இறங்கியது என்றேன். முதல் வளைவைச் சுற்றிவிட்டாள், மண் தெறிக்கிறது, இரண்டாவது வளைவில் பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கியது, நேராக்கிவிட்டாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். என்ஜினீயர் நண்பன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

குழியின் விளிம்பில் ஒரு பக்கச் சக்கரங்கள் மேடேறின. ஜீப் மெதுவாகச் சாய்ந்து, பிறகு முழுசாகத் தண்ணீருக்குள் படுத்தது. கூட்டம் ஒரு மூச்சாகச் சத்தமிட்டு அடங்கியது. நானும் நிறுத்திவிட்டேன்.

“என்னடே ஆச்சு?”

“சாஞ்சுடுத்து. குழியில கெடக்கு.”

அவன் திரும்பவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். என்ஜினீயர் நண்பன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, பெல்ட் உண்டு, ஹெல்மெட் உண்டு, பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என்னைத்தான் கேட்டான்.

“அவ வெளிய வந்தாளா?”

“இல்ல.”

“இப்ப?”

“இன்னும் இல்ல. ஆளுங்க எறங்கி ஓடறா. ஒருத்தர் வண்டிமேல ஏறியாச்சு. கை தெரியறது.”

“யார் கை?”

“அவ கைதான். கையுறை போட்டுண்டிருக்கு. ஏதோ சொல்றா. வேண்டாம்னு ஆட்டறா.”

வெளியே தூக்க வந்தவர்களை அவள் வேண்டாம் என்று அனுப்பினாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வண்டியை நிமிர்த்தித் தந்தால் போதும் என்றிருக்கிறாள். டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்து நிமிர்த்தினார்கள். கதவில்லாத ஜீப்பின் இரண்டு பக்கமும் சேறு ஒழுகியது. வெளியாள் தொட்ட உடனே பந்தயக் கணக்கிலிருந்து அவள் போய்விட்டாள். இருந்தும் என்ஜினைத் திரும்பத் திரும்ப முடுக்கினாள். இருமி இருமிக் கடைசியில் பிடித்துக்கொண்டது.

“வண்டி ஓடறது” என்றேன்.

அப்போதுதான் அவன் எழுந்து திரும்பினான். அவள் கடைசி ஏற்றத்தில் புகையைக் கக்கிக்கொண்டு ஏறுவதை மட்டும் பார்த்தான். கூட்டம் கூச்சல் போட்டது. ஜெயித்தவளுக்குக்கூட அவ்வளவு சத்தம் எழவில்லை. இவன் கைதட்டவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டான்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனோம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கீழுதடு கிழிந்து லேசாக வீங்கியிருந்தது. முதலுதவிக்காரர் முழங்கையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். வலியைப் பற்றி அவள் பேசவில்லை. குழிக்கு வலப்பக்கம் எடுத்திருக்க வேண்டும், இடது பக்கம் எடுத்ததுதான் தப்பு என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“பாத்தீங்களா?”

“கடைசில ஏறுனதப் பாத்தேன்.”

“அது போதும்” என்றாள்.

ஜீப்பை அவளுடைய கூட்டத்தார் லாரியில் ஏற்றினார்கள். அவள் எங்கள் காரில் வந்தாள். அவள் சேற்றைக் கழுவுவதற்காகக் கல்லாறு வரை போய், ஆற்றங்கரைக் கடையில் டீயும், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த ஏத்தக்காயப்பமும் சொன்னோம். அவள் பாறையில் குனிந்து முகம் கழுவினாள். காதிலிருந்து சேறு வந்துகொண்டே இருந்தது. ஒரு காதைக் கழுவி முடித்து மற்றக் காதைக் கழுவினாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் எனக்குப் பயம் வந்தது. அவள் தண்ணீருக்குள் கிடந்த நேரம் முழுவதும் எனக்குப் பயமே இருக்கவில்லை. சரியான வார்த்தையைத் தேடுவதிலேயே இருந்திருக்கிறேன். அது நல்லதா கெட்டதா என்று அன்று யோசித்தேன், முடிவுக்கு வரவில்லை.

அவன் அவளிடம் அடுத்த பந்தயம் எப்போது என்று கேட்டான். மழைக்கு முன் ஒன்று உண்டு, வண்டி சரியானால் போவேன் என்றாள். அவன் தன் தட்டிலிருந்த அப்பத்தை அவள் பக்கம் நகர்த்தினான். உதடு எரிகிறது, வேண்டாம் என்றாள்.

பத்து நாள் கழித்து ஆபீஸுக்கு என்னைத் தேடி வந்தான். என்ஜினீயர் நண்பன் அனுப்பிய வீடியோவை வீட்டில் அவளோடு உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னான். ஜீப் சாய்கிற இடத்தோடு அது முடிந்துவிடுகிறது. மூன்று தடவை பார்த்தானாம்.

“நீ சொன்னப்ப இவ்வளவு வேகமா விழல்ல சாமி” என்றான்.

நான் பார்த்தபோது மெதுவாகத்தான் சாய்ந்தது என்றேன். அவன், வண்டி ஷெட்டிலிருந்து வந்துவிட்டது, முன்பக்கம் புதுசாகக் கம்பி வைத்திருக்கிறாள், நேரமிருந்தால் வந்து பார் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கப் போனான்.